உமித்தீயும் உறைபனியும்: மெல்ல ஏறும் பனிக்காலத் திகில் படங்களைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

உமியில் நெருப்பு பிடித்தால் சுடர் தெரியாது. மேலே கருப்பாக, சாதுவாகக் கிடக்கும். கையைக் கொண்டுபோனால்தான் உள்ளே எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று தெரியும். திகில் படங்களில் ஒரு வகை அப்படித்தான். கதவு படாரென்று திறப்பது, முகம் திடீரென்று திரை நிறைய வருவது எல்லாம் அதில் அபூர்வம். முதல் ஒரு மணி நேரம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை போலிருக்கும். அப்புறம், எப்போதிலிருந்து நாம் பயந்துகொண்டிருக்கிறோம் என்று நமக்கே சொல்லத் தெரியாது. அந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தவை, ஆள் அரவமற்ற பனிவெளியில் நடக்கும் படங்கள்.

'தி ஷைனிங்' படத்தை நான் முதலில் பார்த்தது விடுதி அறையில், ஒரு மதிய நேரத்தில். ஒரு லேப்டாப், எட்டுப் பேர், திறந்த ஜன்னல், தலைக்கு மேல் மின்விசிறி. ஒரு மணி நேரத்துக்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எனக்கும் ஒன்றும் ஏறவில்லை. நான்கைந்து வருடம் கழித்து ஓர் இரவில், தனியாக, ஹெட்போன் போட்டுக்கொண்டு அதே படத்தைப் பார்த்தேன். அதில் ஒரு சிறுவன் ஓட்டல் நடைக்கூடத்தில் மூன்று சக்கர வண்டி ஓட்டுவான். மரத்தரையில் போகும்போது சக்கரம் கடகடவென்று உருளும், கம்பளத்தில் ஏறியதும் சத்தம் அப்படியே அடங்கிவிடும். மறுபடி கடகட, மறுபடி அமைதி. அந்தச் சத்தம் ஒன்றே அன்றைய இரவுக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு பல நண்பர்களுக்கு இந்தப் படங்களை வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறேன். எதை முதலில் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார்கள், எதைக் கொடுத்தால் பாதியில் அணைத்துவிடுகிறார்கள் என்பது ஓரளவு பிடிபட்டது. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். எந்தப் படத்தின் முடிவையும் சொல்லமாட்டேன்.

படி 1: ஆளைப் பார்க்கும் முன் நிலத்தைப் பாருங்கள்

நம் பழைய இலக்கணத்தில் நிலமும் பொழுதும்தான் முதற்பொருள். மனிதரின் பிரிவும் ஏக்கமும் எல்லாம் அதற்கு அப்புறம்தான். பனிக்காலத் திகில் படங்களைப் பார்க்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து, தன் இயல்பு திரிந்து போனால் அதுவே பாலை. இந்தப் படங்களில் அந்த வேலையைக் குளிர் செய்கிறது. கோடையில் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருந்த மலை ஓட்டல், பிள்ளைகள் சத்தம் போட்ட பள்ளி, ஏரிக்கரை வீடு எல்லாமே பனி விழுந்ததும் திரிந்து பாலையாகிவிடுகின்றன. அதனால் படம் தொடங்கியதும் முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடம் ஆறு மாதத்துக்கு முன்னால் எப்படி இருந்திருக்கும்? பனி இதிலிருந்து எதை எடுத்துக்கொண்டது?

பெரும்பாலும் நான்கு விஷயங்களை எடுத்துக்கொள்ளும். முதலாவது வழி. சாலை மூடும், தொலைபேசிக் கம்பி அறும், விமானம் வராது. இது எல்லோருக்கும் உடனே புரியும்.

இரண்டாவது ஒலி. புதிதாக விழுந்த பனியில் துகள்களுக்கு இடையே காற்று நிறைய அடைபட்டிருக்கும். அந்தத் துளைகள் ஒலியை உறிஞ்சிக்கொள்கின்றன. பனி விழுந்த ஊர் அமைதியாகத் தெரிவது மனப்பிரமை இல்லை, உண்மையிலேயே எதிரொலி குறைந்துவிடுகிறது. அந்த அமைதியில் ஒரு காலடி கேட்டால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காதுக்குக் கணக்குப் போட வராது.

மூன்றாவது அடிவானம். மேகமும் தரையும் ஒரே வெளிச்சத்தில் வெளுத்துவிட்டால் நிழல் இருக்காது. நிழல் இல்லையென்றால் மேடு எது, பள்ளம் எது, வானம் எங்கே தொடங்குகிறது என்றும் தெரியாது. இருட்டில் எதுவும் தெரியாமல் போவது நமக்குப் பழக்கம். வெளிச்சத்தில் எதுவும் தெரியாமல் போவதுதான் இந்தப் படங்களின் தனிப்பட்ட பயம்.

நான்காவது பொழுது. துருவத்துக்கு அருகில் போகப்போக குளிர்காலப் பகல் சுருங்கிக்கொண்டே வரும். தென் துருவத்தில் மார்ச்சில் மறையும் சூரியன் செப்டம்பரில்தான் மறுபடி எழும். இன்று என்ன கிழமை என்பதே பொருளில்லாமல் போகும் இடம் அது.

குளிர் உடம்புக்குள்ளும் போகிறது. உடலின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் நடுக்கத்தோடு குழப்பமும் தொடங்கும். இன்னும் இறங்கினால் சிலர் புழுங்குவதாக நினைத்துக்கொண்டு போட்டிருக்கும் உடைகளையே கழற்றி எறிவார்கள். தன் உடம்பு சொல்வதையே நம்ப முடியாத நிலை. பேய் வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது பாருங்கள்.

நம்மில் பலருக்குப் பனி என்றால் மார்கழி காலையில் புல்நுனியில் நிற்கும் ஈரம்தான். காதில் மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகும் குளிர். அது இதமானது. இந்தப் படங்களின் பனி வேறு என்பதை மனம் ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முதல் அரை மணி நேரம் மெதுவாகப் போனால் கோபப்படாதீர்கள். உங்களை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் அந்த நேரம்.

படி 2: அறையைத் தயார் செய்யுங்கள்

இரவு ஒன்பதரைக்கு மேல் தொடங்குங்கள். தெரு ஓய்ந்திருக்கும். மின்விசிறிச் சத்தம் இந்தப் படங்களுக்குப் பெரிய எதிரி, ஏனென்றால் காற்றின் ஓசையும் தூரத்துச் சத்தமும் அதே அலைவரிசையில் கரைந்துபோகும். ஏசி இருந்தால் படத்துக்கு முன்பே அறையைக் குளிர வைத்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் காதை முழுதாக மூடும் ஹெட்போன் போதும். விலை உயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை.

டிவியில் 'விவிட்' என்ற அமைப்பை மாற்றி 'சினிமா' அல்லது 'மூவி' என்று வையுங்கள். விவிட்டில் பனி முழுக்க ஒரே சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெடித்துத் தெரியும். நல்ல ஒளிப்பதிவாளர் பனியில் நீலம், சாம்பல், லேசான மஞ்சள் என்று பல நிறங்களை வைத்திருப்பார், அது எல்லாம் போய்விடும். அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். படம் டிவி நாடகம் போல ஆகிவிடும்.

மொழிமாற்றம் வேண்டாம். மூல மொழியில், கீழே வசன வரிகளோடு பாருங்கள். இந்த வகைப் படத்தில் குரலின் அளவும் மூச்சும்தான் நடிப்பில் பாதி.

செல்போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். படத்தில் இருப்பவர்களுக்கும் சிக்னல் கிடையாது.

படி 3: 'தி திங்' படத்தில் தொடங்குங்கள்

ஜான் கார்பென்டர் இயக்கி 1982-ல் வந்த படம். ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938-ல் எழுதிய ஒரு குறுநாவலிலிருந்து எடுத்தது. உமித்தீ என்று பார்த்தால் இதில் சுடர் கொஞ்சம் அதிகம்தான். நடுநடுவே கொடூரமான உருமாற்றக் காட்சிகள் வரும். ஆனாலும் தொடங்குவதற்கு இதையே சொல்கிறேன், ஏனென்றால் இதில் கதை நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, ஓடும்போதே பனியைப் பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறது.

அண்டார்டிகாவில் ஓர் அமெரிக்க ஆய்வு முகாம். 12 ஆண்கள். வெளியே வெள்ளை வெளி. ஒரு நாய் ஓடி வருகிறது, ஒரு ஹெலிகாப்டர் அதைத் துரத்திச் சுடுகிறது. ஹெலிகாப்டரில் வந்த நார்வேக்காரர் ஏதோ கத்துகிறார். யாருக்கும் புரியவில்லை, படமும் மொழிபெயர்க்கவில்லை. அவர் நார்வே மொழியில் சொல்வது சரியான எச்சரிக்கை. அந்த மொழி தெரிந்தவர்களுக்குப் படத்தின் ரகசியம் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். தெரியாத நாம் அந்த 12 பேரைப் போலவே முழித்துக்கொண்டிருப்போம்.

கொஞ்ச நேரத்தில் விஷயம் இதுதான் என்று தெரிகிறது: எந்த உயிரின் வடிவத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒன்று உள்ளே வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அவன்தானா? முகாமின் கணினி ஒரு கணக்குச் சொல்கிறது, இது மக்கள் வாழும் பகுதியை எட்டினால் 27,000 மணி நேரத்தில் உலகம் முழுவதையும் பிடித்துவிடும் என்று. மூன்று வருடத்துக்குச் சற்று அதிகம். அந்த நொடியிலிருந்து பனியின் பொருள் மாறிவிடுகிறது. அதுவரை இந்த மனிதர்களைச் சிறை வைத்திருந்த பனி, இனி மற்ற உலகத்தைக் காக்கும் வேலியும் ஆகிறது. வெளியே போக வழி இல்லையே என்று தவித்தவர்கள், யாரும் வெளியே போய்விடக் கூடாது என்று தவிக்கத் தொடங்குகிறார்கள். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த திருப்பம் இதுதான், எந்த ராட்சத உருவத்தையும்விட.

பார்க்கும்போது கவனிக்கவேண்டியவை சில. எல்லோருடைய வாயிலிருந்தும் வரும் மூச்சுப் புகையைப் பாருங்கள். அது நிஜம். வெளிப்புறக் காட்சிகளைக் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்டூவர்ட் என்ற சிற்றூருக்கு அருகில் எடுத்தார்கள். கோடையிலேயே முகாமைக் கட்டிவைத்துவிட்டு, பனி விழுந்து மூடும்வரை காத்திருந்தார்கள். உட்புறக் காட்சிகள் லாஸ் ஏஞ்சல்ஸில். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே அரங்கத்தையே குளிரூட்டி நடிக்க வைத்தார்கள். உடம்பு விறைக்கும்போது ஒரு நடிகர் தோளைக் குறுக்கிக்கொள்ளும் விதம் வேறாகத்தான் இருக்கும்.

இசை என்னியோ மோரிக்கோனே. பெரும்பாலும் ஒரு தாழ்ந்த இதயத் துடிப்பு போல டும்-டும் என்று இரண்டு அடி, அவ்வளவுதான். ஒளிப்பதிவு டீன் கண்டி. அவருடைய கேமரா யாரும் இல்லாத நடைக்கூடத்தில் மெதுவாக ஊர்ந்து போகும். யார் பார்வையில் போகிறது என்று சொல்லாது. உருமாற்றங்களைக் கையால் செய்தவர் ராப் பாட்டின், அப்போது அவருக்கு இருபது வயதைத்தான் தாண்டியிருந்தது. ரப்பர், ரசாயனம், இயந்திரக் கம்பி எல்லாம் சேர்த்துச் செய்தது. கணினி வரைகலை வைத்து அதற்குப் பிறகு வந்த எத்தனையோ உருவங்களைவிட அது இன்றும் கனமாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் 1982 ஜூன் 25 அன்று வெளியானது. அன்பான வேற்றுக்கிரகவாசியைக் காட்டி உலகத்தையே அழவைத்த 'ஈ.டி.' அதற்கு இரண்டு வாரம் முன்புதான் வந்திருந்தது. விமர்சகர்கள் இதை வெறுத்தார்கள், வசூலும் ஏமாற்றியது. பிறகு வீடியோ கேசட்டில்தான் படம் தன் ரசிகர்களைக் கண்டுபிடித்தது. தென் துருவ ஆய்வு நிலையத்தில் குளிர்காலம் தங்குபவர்கள், கடைசி விமானம் போனதும் ஒன்றாக உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அடுத்த விமானம் வரப் பல மாதம் ஆகும் என்று தெரிந்துகொண்டு பார்க்கிறார்கள்.

எச்சரிக்கை ஒன்று: நாய்களுக்குத் துன்பம் நேரும் காட்சிகள் உண்டு. நாய் வளர்ப்பவர்கள் பலருக்கு மனிதர் சாவதைவிட அது தாங்காது.

படி 4: அடுத்தது மென்மையானது, 'லெட் தி ரைட் ஒன் இன்'

அண்டார்டிகாவுக்கு அப்புறம் ஒரு சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாருங்கள். ஸ்வீடன் படம், 2008, இயக்கம் தோமஸ் ஆல்ஃபிரெட்சன். கதை 1980-களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமின் புறநகரான பிளாக்கெபெர்கில் நடக்கிறது. படப்பிடிப்பின் பெரும்பகுதியை வடக்கே லூலியோ நகரத்தில் நடத்தினார்கள், பனி நிச்சயமாக இருக்கும் என்பதால்.

ஆஸ்கர் 12 வயதுப் பையன். பள்ளியில் அவனைப் போட்டு வதைக்கிறார்கள். இரவில் குடியிருப்பு முற்றத்தில் தனியாக நிற்கிறான். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த ஏலி, அந்தக் குளிரில் கோட்டு இல்லாமல் வந்து நிற்கிறாள். குளிரவில்லையா என்று கேட்கிறான். குளிர்வது எப்படி என்பதே மறந்துபோய்விட்டது என்கிற மாதிரி ஒரு பதில் வருகிறது. நான் பார்த்த இரத்தக் காட்டேரிப் படங்களிலேயே இவ்வளவு அமைதியாக ஒரு காட்டேரி தன்னைத் தெரியப்படுத்திக்கொண்டது கிடையாது.

இங்கே பனி ஆளைக் கொல்லவில்லை. வீட்டு வாசல் விளக்கு, ஊஞ்சல் கம்பி, பனியில் பதிந்த கால்தடம் என்று எல்லாம் பழக்கமானவை. பெரியவர்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள், அதனால் வெளியே இரண்டு குழந்தைகள் தனியாக இருக்கிறார்கள். அந்தக் கைவிடப்பட்ட நிலைதான் படத்தின் குளிர். ஒலியை மிக அருகில் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள்: மூச்சு, உதடு பிரியும் ஓசை, உடை உரசுவது. ஹெட்போன் போடச் சொன்னது முக்கியமாக இதற்காகத்தான். ஒளிப்பதிவு ஹொய்தே வான் ஹொய்தெமா. இவர் பின்னாளில் ஹாலிவுட்டில் மிகப் பெரிய படங்களுக்குப் போனார். எனக்கென்னவோ அவர் எடுத்ததில் மிக அழகானது இந்தச் சின்னப் படம்தான்.

வசன வரிகள் விஷயத்தில் கவனம் தேவை. அமெரிக்காவில் முதலில் வந்த டிவிடியில், திரையரங்கில் இருந்த வசன வரிகளை எடுத்துவிட்டுச் சுருக்கி, தட்டையாக்கிப் போட்டிருந்தார்கள். ரசிகர்கள் சண்டை போட்ட பிறகே பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நீங்கள் பார்க்கும் பிரதியில் பேச்சு நீளமாகவும் எழுத்து மொட்டையாகவும் இருந்தால் வேறு பிரதி தேடுங்கள்.

படி 5: 'தி ஷைனிங்', இப்போதுதான்

பலர் இதில் தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறார்கள், நான் செய்த மாதிரி. மூன்றாவதாக வைத்தால் சரியாக உட்காருகிறது. 1980, ஸ்டான்லி குப்ரிக். ஸ்டீபன் கிங்கின் 1977 நாவலிலிருந்து எடுத்தது.

அக்டோபர் இறுதியில் மூடி மே நடுவில் திறக்கும் ஒரு மலை ஓட்டல். அந்த ஆறரை மாதத்துக்குக் காவல் இருக்க ஒரு குடும்பம் வருகிறது: அப்பா, அம்மா, சிறுவன். மலைப் பாதையில் கார் ஏறும்போதே அப்பா மகனுக்கு டானர் குழுவின் கதையைச் சொல்கிறார். அது நிஜம். 1846-47 குளிர்காலத்தில் கலிபோர்னியாவுக்குப் போன குடியேறிகள் சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கி, உயிர் பிழைக்க இறந்தவர்களின் உடலைத் தின்ற வரலாறு. அவ்வளவு மோசமான ஒன்றை அவ்வளவு சாதாரணமாகச் சொல்லும் அந்தக் குரலை மறக்காதீர்கள்.

இந்தப் படத்தில் நான் எல்லோரையும் கவனிக்கச் சொல்வது கருப்புத் திரையில் வரும் தலைப்பு அட்டைகளை. முதலில் நேர்காணல், ஓட்டல் மூடும் நாள் என்று வரும். அப்புறம் "ஒரு மாதம் கழித்து". அடுத்து வெறும் கிழமைகள்: செவ்வாய், வியாழன், சனி, திங்கள், புதன். எந்த மாதத்து செவ்வாய் என்று கிடையாது. கடைசியில் மணிகள் மட்டும்: காலை 8, மாலை 4. மாதத்திலிருந்து கிழமைக்கு, கிழமையிலிருந்து மணிக்கு என்று பொழுது சுருங்கிக்கொண்டே வருகிறது. பனி பொழுதைத் தின்னும் என்று முதல் படியில் சொன்னேனே, அதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய படம் வேறில்லை. அட்டைகள் வரும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடாதீர்கள்.

வழி அடைபடுவதையும் வரிசையாகப் பாருங்கள். தொலைபேசி போகிறது. வானொலிக் கருவி மிச்சம் இருக்கிறது, பனியில் ஓடும் வண்டி மிச்சம் இருக்கிறது. அவை என்ன ஆகின்றன, யாரால் ஆகின்றன என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

தொடக்கத்தில் வரும் மலை, சாலை, ஏரிக் காட்சிகள் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் எடுத்தவை. ஓட்டலின் வெளித்தோற்றம் ஓரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஹூட் மலையில் இருக்கும் டிம்பர்லைன் லாட்ஜ். மற்றது எல்லாம் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் கட்டிய அரங்கங்கள். பனி என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி உப்பும் நொறுக்கிய தெர்மோகோலும். 'தி திங்' குழு நிஜக் குளிரைத் தேடிப் போனது, குப்ரிக் குளிரையே அரங்கத்துக்குள் கட்டினார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அங்கே குளிர் உடம்பில் இருக்கிறது. இங்கே கட்டடத்தில் இருக்கிறது, அந்த அகலமான, வெப்பமூட்டிய, வெளிச்சமான கூடங்களில்.

படி 6: இரண்டு பழைய படங்கள், நடுவில் ஓர் இளைப்பாறல்

அமெரிக்கப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் பனி என்றாலே மாட்டிக்கொள்வது என்று தோன்றிவிடும். பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வேறு. அதற்காக இந்த இரண்டு.

'தி ஒயிட் ரெய்ண்டீர்' பின்லாந்துப் படம், 1952. எரிக் ப்ளும்பெர்க் இயக்கி, அவரே ஒளிப்பதிவும் செய்தார். அவருடைய மனைவி மிரியாமி குவோஸ்மானென் கதாநாயகி, திரைக்கதையிலும் பங்கு. லாப்லாந்தில் கலைமான் மேய்ப்பவர்களின் ஊர். கணவன் மந்தையோடு நெடுநாள் போய்விடுகிறான். புதிதாக மணமான பிரிதா தனிமை தாளாமல் ஒரு மந்திரவாதியிடம் போகிறாள். அவள் வெள்ளைக் கலைமானாக மாறும் சாபம் அங்கே தொடங்குகிறது. ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை. கருப்பு வெள்ளையில், வெள்ளை மேட்டில் ஒரு வெள்ளை விலங்கு ஓடுகிறது, வேட்டைக்காரன் அதைத் துரத்திக்கொண்டு போகிறான். பிரிவும் அதன் ஏக்கமும்தான் இதன் பயத்துக்கு வேர். பாலைத்திணைப் பாட்டு படித்தவர்களுக்கு இந்தப் பெண்ணை உடனே புரியும். 1953 கான் விழாவில், ழான் காக்தோ தலைமையிலான நடுவர் குழு இதற்குப் பரிசு கொடுத்தது.

'குவைடான்' ஜப்பான் படம், இயக்கம் மசாகி கோபயாஷி, 1960-களின் நடுவில் வந்தது. நான்கு தனிக் கதைகள், மொத்தம் மூன்று மணி நேரம். இரண்டாவது கதையை மட்டும் இப்போது பாருங்கள்: பனிப்பெண். புயலில் சிக்கிய ஓர் இளம் விறகுவெட்டியை அவள் கொல்லாமல் விடுகிறாள், இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற வாக்குறுதியோடு. நம் ஊர் மோகினிக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வாக்குறுதியின் கனம் தெரியும். எல்லாமே அரங்கத்துக்குள் எடுத்தது. வானத்தைத் திரைச்சீலையில் வரைந்திருக்கிறார்கள், அந்த வானத்தில் பெரிய கண்கள். அமெரிக்காவில் திரையிட்டபோது நீளம் கருதி இந்தக் கதையையே வெட்டிவிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

படி 7: இப்போது உண்மையான உமித்தீ

இதுவரை வந்தவர்களுக்கு 'தி பிளாக்கோட்ஸ் டாட்டர்' தயாராக இருக்கிறது. 2015, இயக்கம் ஆஸ் பெர்கின்ஸ். 'சைக்கோ' படத்தில் நடித்த ஆந்தனி பெர்கின்ஸின் மகன் இவர். இசை அவருடைய தம்பி எல்விஸ் பெர்கின்ஸ். கனடாவில் ஒன்டாரியோவில் எடுத்தது. டொராண்டோ விழாவில் முதலில் திரையிட்டபோது இதன் பெயர் வெறுமனே 'பிப்ரவரி'. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும், பொழுதையே பெயராக வைத்திருந்தார்கள்.

பிப்ரவரி விடுமுறை. பெண்கள் விடுதிப் பள்ளி காலியாகிறது. இரண்டு மாணவிகளின் பெற்றோர் மட்டும் அழைத்துப்போக வரவில்லை. ஒரு நாள் ஆகிறது. அவ்வளவுதான் கதை போலிருக்கும். இன்னொரு பக்கம் ஓர் இளம்பெண் குளிரில் பேருந்து நிலையத்தில் நிற்கிறாள், யாரோ ஒருவர் காரில் ஏற்றிக்கொள்கிறார். இவர்களுக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்று படம் அவசரப்பட்டுச் சொல்லாது. நீங்களும் அவசரப்பட்டு ஊகிக்காதீர்கள். விடுதியில் தங்கிப் படித்தவர்கள், எல்லோரும் ஊருக்குப் போனபிறகு காலி வராந்தாவில் நின்ற ஒரு சாயங்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படம் முழுக்க அந்த உணர்வுதான். பேய் இருக்கிறது, ஆனால் என்னை அழவைத்தது அந்தப் பேய் போய்விடுமோ என்று ஒருத்திக்கு வரும் பயம். இதற்கு மேல் சொல்லக் கூடாது.

ஒன்றரை மணி நேரப் படம். இருட்டுக் காட்சிகள் நிறைய. செல்போன் திரையில் பார்த்தால் பாதி தெரியாது. தூக்கம் வரும் நாளில் தொடாதீர்கள், மறுநாள் பாருங்கள்.

இது பிடித்திருந்தால் 'தி லாட்ஜ்', 2019. வெரோனிகா ஃபிரான்ஸ், செவெரின் ஃபியாலா என்ற ஆஸ்திரிய இயக்குநர்கள். சித்தியாக வரப்போகும் பெண்ணோடு இரண்டு பிள்ளைகள் பனியில் தனி வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். நன்றாக எடுத்த படம், ஆனால் இரக்கமே இல்லாதது. தொடக்கத்திலேயே ஒரு தற்கொலை வருகிறது. அந்தத் துயரத்தை வீட்டில் பார்த்தவர்கள் இதைத் தவிர்த்துவிடுங்கள். மனம் கலங்கியிருக்கும் காலத்தில் யாருக்குமே நான் இதைக் கொடுப்பதில்லை.

தொடர் பார்க்கப் பொறுமை இருந்தால் 'தி டெரர்' முதல் பருவம், 2018, பத்து பாகங்கள். 1845-ல் வட துருவக் கடல்வழி தேடிப் போய் 129 பேரும் திரும்பாமல் போன ஃபிராங்க்ளின் பயணத்தை வைத்து எடுத்தது. அந்த இரண்டு கப்பல்களும் நிஜத்தில் கடலடியில் 2014-லும் 2016-லும்தான் கிடைத்தன. கப்பலை நான்கு பக்கமும் ஐஸ் இறுக்கும்போது மரம் முனகும் சத்தம் ஒன்று வரும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

படி 8: பார்த்த பிறகு

உடனே யூடியூபில் விளக்க வீடியோ தேடாதீர்கள், குறைந்தது ஒரு நாள். இந்தப் படங்கள் சில கேள்விகளை வேண்டுமென்றே திறந்து விடுகின்றன. மறுநாள் பல் தேய்க்கும்போது ஏதோ ஒரு காட்சி தானாக வந்து நிற்கும், அப்போது பாதி விளங்கும். கூடப் பார்த்தவரிடம் பேசுங்கள். எங்கே முதலில் பயம் வந்தது என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடம் சொல்வார்கள், பெரும்பாலும் எதுவுமே நடக்காத இடமாக இருக்கும்.

ஒரு மாதம் கழித்து 'தி திங்' படத்துக்குத் திரும்பி வாருங்கள். கதை தெரிந்துவிட்டதால் இந்த முறை கண் வேறு எங்கெங்கோ போகும்: யார் அறையில் இருந்தார்கள், யார் வெளியே போனார்கள், சாவி யாரிடம் இருந்தது. நாய் தனியாக நடைக்கூடத்தில் நடந்துபோய் ஓர் அறைக்குள் நுழையும் காட்சி ஒன்று உண்டு. அறைக்குள் ஒரு மனிதனின் நிழல் சுவரில் விழுகிறது, தலை மெதுவாகத் திரும்புகிறது, காட்சி அணைந்துவிடுகிறது. அங்கே நிறுத்துங்கள். 12 பேரில் அது யார்? நானும் இரண்டு நண்பர்களும் ஓர் இரவு முழுக்க மூக்கையும் தலைமுடியையும் ஒப்பிட்டுப் பார்த்து, மூன்று பேரும் மூன்று பெயர் சொன்னோம். பிறகுதான் தெரிந்தது, யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த 12 பேரில் ஒருவரையும் நிற்கவைக்காமல் ஒரு சண்டைக் கலைஞரைக் கூப்பிட்டு அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.